‘யெஸ்’ மட்டும் மிஞ்சிய நீதிபதி

எழுபதுகளின் பிற்பகுதியில் மெல்பர்ன் நகரத்து நூலகமொன்றில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. கொழும்பில் நான் நூலகராக இருந்தவள். இங்கே அந்தத் தகுதியை யாரும் பொருட்படுத்தவில்லை. நிலக்கீழ் அறையில் உட்கார்ந்து பழைய கடிதங்களிலிருந்து துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுவேன். கடிதங்களைப் புது உறைகளில் இட்டு, மேலே பென்சிலால் விபரம் எழுதுவேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. இறந்தவர்கள் யாரும் என் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பகுதித் தலைவர் ஐம்பதை நெருங்கியவர். மெல்லிய குரல், எப்போதும் இஸ்திரி போட்டு மினுக்கிய சட்டை. பெரிய மனிதர்களின் கடதாசிகளை நூலகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை. யாராவது முன்னாள் மந்திரி ஆஸ்பத்திரியில் என்று பத்திரிகையில் வந்தால், அன்றைக்கே அந்த வீட்டுக்குப் பூச்செண்டு அனுப்புவார். ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்தார்.

“ஒரு வீட்டுக்குப் போய் வேலை செய்ய வேண்டும். அமைதியான ஆளாக அனுப்பச் சொல்லி அந்த வீட்டுச் சீமாட்டி கேட்கிறார். உங்களைவிட அமைதியான ஆள் இங்கே யார்?”

வீட்டுக்காரர் செனட்டில் நெடுங்காலம் இருந்தவர். பிறகு மத்திய அரசு அவரை நீதிபதியாக்கியது. சில ஆண்டுகளிலேயே பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவருடைய வாழ்நாள் கடதாசி முழுவதும் டூராக் என்ற பணக்காரப் பகுதியிலுள்ள வீட்டில் இருந்தது. அதை நூலகத்துக்குத் தர மனைவி ஒப்புக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டின்போது இதை என் தோழியிடம் சொன்னேன். வாசிப்பு மண்டபத்து மேசையில் வேலை செய்தவள், கிரேக்கத்திலிருந்து வந்தவர்களின் மகள். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“உன்னையா அனுப்புகிறார்? அந்த ஆள் செனட்டில் என்ன பேசித் திரிந்தவர் தெரியுமா? என் அப்பா மாதிரி ஆட்கள் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. உன் நிறத்து ஆட்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.”

“இப்போது அவருக்குப் பேச்சே வராதாம்” என்றேன்.

“அது நல்ல செய்தி” என்றாள் அவள்.

நாங்கள் அப்போது கிளென் வேவர்லியில் குடியிருந்தோம். என் கணவர் வீதி போடும் கம்பனி ஒன்றில் இன்ஜினியர். அந்த வீட்டுக்குப் போக எனக்கு வேறு ரயில் மாற வேண்டியிருக்கவில்லை. வழியில் இறங்கி மேட்டில் ஏறி நடந்தால், ஆளுயர வேலிச்செடிகளுக்குப் பின்னால் வீடு.

முதல் நாள் பகுதித் தலைவரும் என்னோடு வந்தார். கதவைத் திறந்த சீமாட்டிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் முத்துமாலை, காலில் தோட்டத்துச் சப்பாத்து. என்னைத் தாண்டிப் பகுதித் தலைவரைப் பார்த்து, “நூலகத்துப் பெண் வரவில்லையா?” என்று கேட்டார்.

“இவர்தான்.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிரிப்பு வந்தது. தொலைந்த சாவி கையில் அகப்பட்டவரின் சிரிப்பு. “மிகவும் பொருத்தம்” என்று சொல்லி உள்ளே விட்டார்.

நீதிபதி புத்தக அறையில் சக்கரம் பூட்டிய சில்லுக் கதிரையில் இருந்தார். பெரிய தலை, வெட்டிச் சீராக்கிய மீசை. வாயின் ஒருபக்கம் சரிந்திருந்தது. சுவர் முழுக்க அலுமாரிகள். அவற்றில் பைல்களும் கட்டுகளும் அட்டைப் பெட்டிகளும் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன.

பகுதித் தலைவர் குனிந்து, “உங்கள் ஆவணங்கள் எங்களிடம் வருவது எங்களுக்குப் பெரிய கௌரவம், ஐயா. உங்களுக்கு இதில் சம்மதம்தானே?” என்று கேட்டார்.

“யெஸ்” என்றார் நீதிபதி. தெளிவான, கனத்த குரல். அதைச் சொல்லும்போதே அவருடைய இடது கை கதிரையின் கைப்பிடியில் படபடவென்று அடித்தது. கண்கள் பிதுங்கின. தலை பக்கவாட்டில் ஆடியது.

“கேட்டீர்களா?” என்றார் மனைவி. “அவருக்குப் பெரிய சந்தோஷம்.”

வாதம் அவரிடம் விட்டுவைத்தது அந்த ஒரு சொல்லைத்தான். பசித்தாலும் அதுதான், குளிர்ந்தாலும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். ஆனால் மற்றவர் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கியது. வேண்டாம் என்றால் இடது கை அடிக்கும். வேண்டுமென்றால் கை சும்மா கிடக்கும். தேத்தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்டுப் பார்த்து இதை நான் முதல் நாளிலேயே கண்டுகொண்டேன். பகுதித் தலைவரும் கண்டிருப்பார். அவர் அந்நேரம் கூரையின் சித்திர வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து நான் தனியே போனேன். அலுமாரியிலிருந்து கட்டுகளை இறக்கி, தூசி தட்டி, எந்தக் காலத்தது, யாருக்கு எழுதியது என்று பார்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். சீமாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பார். அதற்கு முன்பு நீதிபதியைத் தள்ளிக்கொண்டுவந்து எங்கள் மேசைக்கு எதிரே நிறுத்திவிடுவார்.

“இதை அனுப்பலாமா, அன்பே?” என்று கேட்பார்.

“யெஸ்.” கை அடிக்கும்.

“அனுப்பலாமாம். பெட்டியில் போடு, பிள்ளை.”

கை அடிக்காத கட்டுகளும் இருந்தன. பாராட்டு மடல்கள், அரச விருந்து அழைப்புகள், நல்ல தீர்ப்புகளின் பிரதிகள். அவற்றைச் சீமாட்டி ஒருபக்கம் ஒதுக்கினார். “இதெல்லாம் யாருக்கு வேண்டும்?” என்று சொல்லி, தோட்டக்காரன் இலை எரிக்கும் தகரப் பீப்பாவுக்குள் போட்டார். எந்தத் தாளுக்குக் கை கூடுதலாக அடித்ததோ அது நூலகத்துக்கு.

நீதிபதி பதவி கேட்டுத் தன் கட்சித் தலைவருக்கும் மந்திரிகளுக்கும் அவர் எழுதிய கடிதங்களின் வரைவுகள் ஒரு கட்டாக இருந்தன. ஒரே கடிதத்தைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறார். முதல் வரைவில் தன் சேவையை நினைவூட்டுகிறார். அடுத்ததில் மந்திரியின் மகளுடைய கல்யாணத்தைப் புகழ்கிறார். அதற்கடுத்ததில், தனக்குப் போட்டியாக இருந்த இன்னொருவரின் குடிப்பழக்கத்தை மெதுவாகச் சொல்கிறார். சீமாட்டி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக உரத்து வாசித்தார்.

“கடைசியில் எதை அனுப்பினாய், அன்பே? முழந்தாளிட்டதையா? நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததையா?”

“யெஸ்.”

நீதிபதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். சீமாட்டி எழுந்துபோய்க் கதிரையையே எங்கள் பக்கம் திருப்பிவிட்டு வந்து மிச்சத்தை வாசித்தார். நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய சரிந்த வாயிலிருந்து எச்சில் மீசையில் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை.

அன்று பின்னேரம் சீமாட்டி குசினியில் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். தனக்கு ஷெரி வைன் ஊற்றிக்கொண்டார்.

“என்னைப் பிசாசு என்று நினைக்கிறாய், இல்லையா?”

நான் தேத்தண்ணீரில் சீனியைக் கரைத்தேன்.

“அவர் செனட்டுக்கென்று கன்பராவில் இருந்த காலத்தில் வாரம் தவறாமல் கிழமைக்கொரு கடிதம் எழுதுவேன். எனக்கு எழுத்துப்பிழை வரும். அவ்வளவு பள்ளிக்கூடம் போகாதவள் நான். ஒருமுறை எங்கள் நாய் காரில் அடிபட்டுச் செத்துப்போயிற்று. தனியே புதைக்க என்னால் முடியவில்லை. பால்காரன் உதவி செய்தான். அவன் நல்லவன், என்னோடு சேர்ந்து அழுதான் என்று எழுதினேன். அதற்குப் பிறகு இவருடைய சிநேகிதர்கள் எங்கே கண்டாலும், ‘பால்காரன் சுகமா?’ என்று கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் சுகம் என்பேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எத்தனையோ வருடம் கழித்து இன்னொரு செனட்டரின் பெண்சாதி சொன்னாள். பாராளுமன்றத்துச் சாப்பாட்டு அறையில் என் கடிதங்களை இவர் வாசித்துக் காட்டுவாராம், பிழைகளோடு, என் குரலிலேயே. வெள்ளிக்கிழமைகளில் அதைக் கேட்கவென்றே ஆட்கள் வந்து உட்காருவார்களாம்.”

“அந்தக் கடிதங்கள் இங்கே இருக்கின்றனவா?” என்று கேட்டேன்.

“இல்லை. வாசித்து முடித்ததும் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவார். வைத்திருக்கத் தக்கவையா அவை?”

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வா, இன்னும் கிடக்கிறது” என்று எழுந்தார்.

அதன்பிறகு எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அது நெடுநாள் நிற்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டைக் கையில் தந்தார்.

“இதை நீ வாசி. எனக்குக் கண் களைத்துப்போயிற்று.”

அது நீதிபதி செனட்டில் பேசிய பேச்சின் கையெழுத்துப் பிரதி. ஆசியாக்காரரை இந்த நாட்டுக்குள் விடுவதைப் பற்றியது. அன்றுதான் விளங்கியது, முதல்நாள் வாசலில் அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று.

“உரத்து வாசி. உன் உச்சரிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அவருக்குத்தான் பிடிக்காது.”

நான் வாசித்தேன். அந்த மக்கள்மேல் அவர்கள் தங்கள் நாடுகளிலே இருக்கும்போது இரக்கப்படலாம், வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து இரக்கப்பட முடியாது என்று எழுதியிருந்தார். அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியும், சமையல் மணத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். ஓரத்தில் ‘இங்கே சிரிப்பு எழும், பொறுக்க’ என்று தனக்குத்தானே குறிப்பு வைத்திருந்தார். அந்த இடத்தில் நானும் நிறுத்திப் பொறுத்தேன். சீமாட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நீதிபதி அதுவரை என்னை நேராகப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, “யெஸ், யெஸ், யெஸ்” என்று கத்தினார். கை அடித்த அடியில் விரல் மூட்டுத் தோல் உரிந்தது.

“முதலிலிருந்து இன்னொருமுறை” என்றார் சீமாட்டி.

இரண்டாம் முறை இன்னும் நன்றாக வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசெடுத்தவள் நான். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் படும் பாட்டைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ரயிலில் வரும்போதும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைத்தவள், ஒரு வாய்கூட உண்ணாமல் எழுந்து கை கழுவினேன்.

அடுத்த நாள் சீமாட்டி டெலிபோன் பேசப் போன நேரம் நீதிபதிக்கு இருமல் வந்தது. நிற்காத இருமல். நான் கிளாஸில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவர் வாயருகே பிடித்தேன். அவர் கிளாஸைத் தட்டிவிட்டார். அது கம்பளத்தில் உருண்டது. குனிந்து எடுக்கும்போது அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. உதவி கேட்கிறார் என்று நினைத்தேன். தோலை இரண்டு விரலுக்கிடையில் பிடித்துத் திருகினார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே திருகினார். நான் கத்தவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் என் கணவர் அதைக் கண்டுவிட்டார்.

“உதென்ன கையில, கண்டி நீலமாய்க் கிடக்கு?”

“நுள்ளிப் போட்டார்.”

“ஆர்?”

“அந்தக் கிழவன்தான்.”

“நாளைக்குப் போகவேண்டாம்.”

“போகாட்டி வேலை போயிடும்.”

அவர், “அப்ப கையை எட்டத்தில வைச்சுக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைத் திருப்பினார்.

கட்டி முடித்த பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. அவற்றை எடுத்துப்போகப் பகுதித் தலைவர் ஒரு வான் வண்டியோடு வந்தார். நீதிபதி இன்னும் உயிரோடிருக்கிறார், சட்டத்தின்படி கடதாசிகள் அவருடையவை. ஆகவே அவருடைய கையெழுத்து வேண்டும். எழுத முடியாதவராகையால் ஓர் அடையாளம் போதும். அவர் அறிந்து சம்மதித்துத்தான் அடையாளமிட்டார் என்று குடும்பத்தவரல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். பகுதித் தலைவர் பத்திரத்தை ஒரு அட்டையில் செருகி, நீதிபதியின் மடியில் வைத்தார்.

சீமாட்டி பேனாவை அவருடைய இடது கையில் திணித்தார். அந்தக் கை அடிக்கத் தொடங்கியது. சீமாட்டி தன் இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்து, தாளில் அழுத்தி, ஒரு சிலுவைக் கோடு இழுத்தார். அதற்குள் தாளில் மை சிதறியிருந்தது.

“சம்மதம்தானே, அன்பே?”

“யெஸ்.”

“நன்றி, ஐயா” என்று பகுதித் தலைவர் பேனாவை என்னிடம் நீட்டினார். “நீங்கள் இங்கே வையுங்கள்.”

“என்னால் முடியாது” என்றேன்.

“ஏன்?”

“அவர் சம்மதித்ததை நான் பார்க்கவில்லை.”

“யெஸ் என்றாரே. எல்லோரும் கேட்டோம்.”

நான் நீதிபதியின் முன்னால் போய் நின்றேன். “ஐயா, இந்தப் பெட்டிகளை எல்லாம் கொண்டுபோய்த் தோட்டத்தில் எரித்துவிடட்டுமா?”

“யெஸ்” என்றார். கை அசையவில்லை.

“இவற்றை நூலகத்துக்குக் கொண்டுபோகட்டுமா?”

“யெஸ்.” கை அடித்தது.

பகுதித் தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீதிபதி களைத்துப்போயிருக்கிறார்” என்று மெல்லச் சொன்னார். பிறகு வாசலுக்குப் போய், படியில் இருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த வான் சாரதியைக் கூப்பிட்டார். அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, “எந்த இடத்தில்?” என்று கேட்டுக் கையெழுத்து வைத்தான். சீமாட்டி அவனுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார். அவ்வளவுதான். நான் மறுத்ததால் அந்த வேலை ஒரு சிகரெட் அணைக்கும் நேரம் பிந்தியது.

பெட்டிகள் வெளியே போகப் போக அலுமாரிகள் வெறுமையாகத் தெரிந்தன. “இனியும் இவரை நாள்தோறும் இந்த அறைக்குத்தான் கொண்டுவருவேன். இருந்து அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்” என்றார் சீமாட்டி, வானிலை சொல்வது போல. பிறகு என் பக்கம் கையைக் காட்டி நீதிபதியிடம் குனிந்தார்.

“இந்தக் கறுத்த பெண் உனக்காக வழக்காடிவிட்டாள், பார்த்தாயா? உன் பக்கம் நின்ற ஒரே ஆள். இவளை என்ன செய்யலாம்? துரத்திவிடலாமா?”

நீதிபதி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய இடது கை கைப்பிடியின் மேல் மை பட்டபடி அமைதியாகக் கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

“யெஸ்” என்றார்.

என் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வானில் இடமிருந்தும் பகுதித் தலைவர் என்னை ஏறச் சொல்லவில்லை.

அன்றிரவு நடந்ததைக் கேட்டதும் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“எங்களை இந்த நாட்டுக்குள்ள விடக்கூடாதெண்டு கத்தின மனுசன். அவனுக்காகவோ வேலையைக் குடுத்திட்டு வந்து நிக்கிறீர்?”

“அவருக்காக இல்லை.”

“அப்ப ஆருக்காக?”

“அந்தத் தாளை அவையள் கிழியாமல் வைச்சிருப்பினம். நூறு வருசத்துக்கும் இருக்கும். பொய்க்குக் கீழ என்ர பேர் கிடக்கும்.”

“உம்மட பேரை ஆர் வாசிக்கப் போகினம்? அவையளுக்கு அதைச் சொல்லவே வாய் வராது.”

அவர் சொன்னது உண்மை. நான் எழுந்து கோப்பைகளைக் கழுவினேன்.

என் வேலையை அடுத்தமுறை புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. பகுதித் தலைவர் கை கொடுத்து, என் அமைதியான சுபாவத்தைப் பாராட்டி வழியனுப்பினார். சில மாதங்களில் ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவேட்டுப் பகுதியில் எனக்கு வேறு வேலை கிடைத்தது.

நீதிபதி அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். பத்திரிகைகள் நல்லதாகவே எழுதின. அவர் தன் ஆவணங்களை மக்களுக்கென்று பெருந்தன்மையோடு கொடுத்ததையும் எழுதியிருந்தார்கள்.

மிச்சத்தை என் கிரேக்கத் தோழி டெலிபோனில் சொன்னாள். கணவனைப் புதைத்துச் சில கிழமைகளில் சீமாட்டி வாசிப்பு மண்டபத்துக்கு வரத் தொடங்கினாராம். தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு காலையில் வந்து, பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மூடும்வரை வாசிப்பாராம். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது. எதிரே ஒரு வெற்றுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்து வாசித்துச் சிரிப்பாராம். மற்ற வாசகர்கள் முறையிட்டார்கள்.

“தலைவர் என்ன செய்தார்?” என்று கேட்டேன்.

“அவரே வந்து கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டார். அவள், ‘இது என் புருஷனுடையது’ என்றாள். ‘இல்லை, அம்மா, இப்போது எங்களுடையது’ என்று சொல்லி, காவலாளியைக் கூப்பிட்டு வெளியே விடச் சொன்னார். வாசிப்பு அட்டையையும் பறித்துவிட்டார். மழையில் டிராம் தரிப்பில் நெடுநேரம் நின்றாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தோம்.”

“யாரும் குடை கொண்டுபோய்க் கொடுக்கவில்லையா?”

“நீ இருந்திருந்தால் கொடுத்திருப்பாயா?” என்று கேட்டாள் அவள்.

அடுப்பில் பருப்புக் கொதித்து வழியத் தொடங்கியிருந்தது. பிறகு பேசுகிறேன் என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டு அடுப்பைத் தணிக்கப் போனேன்.